ஒட்ட வெட்டினது

நோலீன் கால்வினுக்கு இருந்தது பத்து ஏக்கர் நிலமும் பதினாலு செம்மறிகளும்தான். ஜெரால்டின் ஊரிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற சாலையில் கடைசிக்கு முந்தின வீடு. கடைசி வீட்டுக்காரர் அலிஸ்டருக்கு மூவாயிரம் ஆடுகள். அவர் நோலீனின் இடத்தைப் பண்ணை என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "பொம்மைக் கடை எப்படிப் போகுது, நோலீன்?" என்றுதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடங்களில் பல் நர்ஸாக இருந்தவள் நோலீன். ஓய்வு பெற்ற மாசமே மூன்று ஆடு வாங்கினாள். புருஷன் டெஸ் லாரி ஓட்டியவர். புகையும் தூசியுமாக நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு, இப்போது தபால் பெட்டிவரை நடந்தாலே நின்று மூச்சு வாங்குவார். ஆடுகள் அவளுடைய பைத்தியம். அவர் அதில் தலையிடுவதில்லை.

அவளிடம் வெள்ளை ஆடு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பழுப்பு, சாம்பல், கரி நிறம். அந்த ரோமத்துக்குச் சாயம் தேவையில்லை. கையால் நூல் நூற்கிற பெண்கள் தேடி வந்து வாங்குவார்கள். ரோமத்தில் தூசியும் புல்விதையும் ஏறக்கூடாது என்று ஒவ்வொரு ஆட்டுக்கும் கித்தான் துணியில் சட்டை தைத்து மாட்டியிருந்தாள். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திச் சிரித்துவிட்டுப் போவார்கள். அது அவளை உறுத்தவில்லை. நிலத்தின் தெற்கு ஓரத்தில் வரிசையாக நின்ற பைன் மரங்கள்தான் உறுத்தின. சட்டை மறைக்காத கழுத்து ரோமத்தில் அவற்றின் ஊசியிலைகள் சிக்கிக்கொண்டு, பொறுக்கி எடுக்க முடியாமல் படுத்தின. போன வருஷம் ஆளை வைத்து எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிட்டாள்.

"பனியடிக்கிற தெற்குக் காத்து வந்தா அதுங்க எங்க போய் ஒதுங்கும்?" என்று டெஸ் அப்போதே கேட்டார்.

"கொட்டகை இருக்குல்ல?"

"வைக்கோல் போக அதுல அஞ்சு ஆடு நிக்கும்."

"அடுத்த வருஷம் பெருசாக் கட்டுவோம்," என்றாள். கட்டவில்லை.

ரோமம் கத்தரிக்க வருஷா வருஷம் வருகிறவன் ஹொஹெபா. டெமுக்கா ஊர்க்காரன், அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி. இருபது வருஷம் பெரிய கத்தரிப்புக் கூட்டங்களோடு ஊர் ஊராகப் போய், ஒரு நாளைக்கு முன்னூறு ஆடு என்று குனிந்து குனிந்து முதுகெலும்பு தேய்ந்துபோனது. அதற்குப் பிறகு நோலீன் மாதிரிச் சின்ன இடங்களை மட்டும் வைத்துக்கொண்டான். அங்கே பத்து ஆடு, இங்கே இருபது. அப்படி ஒரு நாற்பது வீடு. அவன் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த நாற்பது வீடுதான். ஏழு வயசில் அவன் பல்லை நோலீன் பிடுங்கியிருக்கிறாள். அதனால் அவளை அவன் நர்ஸம்மா என்றே கூப்பிடுவான்.

அந்த வருஷம் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை வந்தான். அங்கே அது குளிர்காலம் முடிந்தும் முடியாத நேரம். குட்டி போடுவதற்கு மூன்று வாரம் முன்னால் கத்தரிப்பது அங்கே வழக்கம். டெஸ் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹொஹெபா மெஷினைத் தொங்கவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு சீப்பை எடுத்துக் கைப்பிடியில் பொருத்தப் போனான்.

"அது எந்தச் சீப்பு?" என்றாள் நோலீன்.

"குளிர்காலச் சீப்பு, நர்ஸம்மா. தோலுக்கு மேல ஒரு விரக்கடை ரோமத்தை விட்டுட்டு வெட்டும்."

"வேணாம். சாதாரணச் சீப்பு போடு."

ஹொஹெபா நிமிர்ந்து பார்த்தான். "சினை ஆடு. செப்டம்பர் மாசம். மொட்டையா விட்டா குளிர் தாங்காது."

"ஒரு விரக்கடை போச்சுன்னா நீளம் குறையும்டா. கிரேட்டா ஆட்டோட ரோமத்தை நவம்பர் கண்காட்சிக்கு வச்சிருக்கேன். மூணு வருஷமா ரெண்டாவது பரிசுதான் வருது."

"அப்ப கிரேட்டாவுக்கு மட்டும் ஒட்ட வெட்டறேன். அத ஒரு வாரம் கொட்டகையில கட்டி வைங்க. மத்ததுக்கு இந்தச் சீப்பே இருக்கட்டும்."

"மத்த ரோமமும் நூற்கிறவங்களுக்குப் போறதுதான். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெட்டு. வானம் எப்படி இருக்கு பாரு, வெயில் பல்லைக் காட்டுது."

"வானத்தப் பத்தி எங்கிட்ட உத்தரவாதம் கேக்காதீங்க."

"உங்கிட்ட யாரு கேட்டா? ஆடு என்னோடது."

அவன் டெஸ்ஸைப் பார்த்தான். டெஸ் தோளைக் குலுக்கினார். சீப்பை மாற்றினான். முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. ஆனால் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஆட்டைப் பின்னங்கால் மடக்கி உட்கார வைத்து, வயிற்றில் தொடங்கி, சினை வயிறு அழுங்காமல் முழங்காலால் தாங்கி, முதுகு நெடுக ஒரே இழுப்பாக இழுத்தான். கிரேட்டாவின் ரோமம் ஒரு கம்பளம் மாதிரி முழுசாக வந்தது. மேலே வெளுத்த பழுப்பு, புரட்டினால் உள்ளே கரும்புகை நிறம். நோலீன் அதை மேசையில் விரித்து ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தாள்.

பதினாலும் முடிந்தபோது ஆடுகள் எலும்பும் வயிறுமாக வேறு ஏதோ பிராணி போல நின்றன. சட்டைகள் இப்போது தொளதொளவென்று ஆகிவிடும். சின்ன அளவில் வேறு தைக்க வேண்டும். பழையவற்றை நோலீன் துவைக்கப் போட்டாள்.

"செவ்வாய்க்கிழமைக்கு மேல தெற்குக் காத்தாத் திரும்பலாம்னு ரேடியோல சொன்னான்," என்றான் ஹொஹெபா வண்டியில் ஏறும்போது. "ஒரு கண் வச்சுக்கங்க."

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வெயில். செவ்வாய்க்கிழமை காலையில் ஊர்த் தேவாலயத்து மண்டபத்தில் நூற்பவர்கள் கூட்டம். மாசம் ஒருமுறை ராட்டையைத் தூக்கிக்கொண்டு பதினைந்து இருபது பெண்கள் வருவார்கள். நோலீன் கிரேட்டாவின் ரோமத்தை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். அப்போது வடக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்துக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் அந்த ரோமம் ஒரு கல்யாணப் பெண் மாதிரி கொண்டாடப்பட்டது. வருகிறவர்கள் எல்லாம் தொட்டார்கள், ஒரு இழையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். "இந்த வருஷம் உன்னை யாரும் அசைக்க முடியாது," என்றாள் பெரில். அவள்தான் கூட்டத்தின் தலைவி, நோலீனுக்கு நாற்பது வருஷச் சிநேகிதி. நோலீனுக்குக் காது வரை சிரிப்பு.

பதினொரு மணிக்கு மண்டபத்து ஃபோன் அடித்தது. டெஸ்.

"தெற்கால வானம் கறுத்துக் கெடக்கு. காத்து நின்னுபோச்சு. நீ கிளம்பி வா."

"இப்பத்தான் டீ போடறாங்க. ஒரு மணி நேரத்துல வர்றேன்."

"நோலீன், என்னால அதுங்களைத் தனியா ஓட்ட முடியாது."

"ஒரு மணி நேரம், டெஸ். அதுக்குள்ள என்ன ஆயிடும்?"

டீ வந்தது. டீக்குப் பிறகு, வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருத்தி கிரேட்டாவின் குட்டி ஒன்றை முன்கூட்டியே கேட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். நோலீன் மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது பன்னிரண்டரை. மழை படுக்கைவாட்டில் வந்துகொண்டிருந்தது. இருபது நிமிஷ வழிக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாதி வழியிலேயே மழை பனியாகிவிட்டது. வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிற தடி அதைத் தள்ள முடியாமல் முனகியது.

டெஸ் வாளியில் தீவனத்தைக் குலுக்கிக் குலுக்கி ஐந்து ஆடுகளைக் கொட்டகைக்குள் கொண்டுவந்திருந்தார். அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச முடியவில்லை. கையை வடக்குப் பக்கம் நீட்டினார்.

மீதி ஒன்பதும் காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்து நடந்து, வடக்கு வேலியில் முட்டி அங்கேயே நின்றுவிட்டிருந்தன. மறைப்பு எதுவும் இல்லாத வெட்டவெளி. நோலீன் அவற்றை அடைந்தபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டிருந்தன. மொட்டை முதுகில் ஈரப் பனி விழுந்து உருகி, உருகினதே மறுபடி உறைந்தது. "வா, வா மாபெல், வா ஆலிவ்" என்று கத்தினாள். எந்த ஆடும் காற்றை எதிர்த்து ஓரடி வைக்கவில்லை. மாபெலின் கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். பாதித் தூரம் வந்ததும் அது முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டது. அறுபது கிலோ, வயிற்றில் இரட்டைக் குட்டி. அவளால் தூக்க முடியவில்லை.

ஓடிப்போய்க் கொடியைப் பார்த்தாள். துவைத்துப் போட்ட சட்டைகள் தகரம் மாதிரி விறைத்துத் தொங்கின. வீட்டுக்குள் புகுந்து போர்வைகள், டெஸ்ஸின் ஸ்வெட்டர்கள், கட்டில் விரிப்பு என்று கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளினாள். அதுவும் போதாமல் கொட்டகையில் இருந்த ரோமச் சாக்குகளை அவிழ்த்தாள். வெள்ளிக்கிழமை வெட்டி எடுத்த ரோமத்தைத் திரும்ப அதனதன் முதுகில் போட்டு, வைக்கோல் கட்டும் கயிற்றால் வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். விரல் உணர்வில்லாமல் முடிச்சு நிற்கவில்லை. காற்று ரோமத்தைப் பிய்த்து வேலிக்கம்பி முழுவதும் ஒட்டியது.

மூன்று மணிக்கு அலிஸ்டருக்கு ஃபோன் போட்டாள். கம்பி அறுந்துபோயிருந்தது. நான்கு மணிக்கு இரண்டு ஆடு விழுந்தது. ஐந்து மணிக்கு மேல் எண்ணவில்லை. கிரேட்டா நின்றபடியே வேலியில் சாய்ந்திருந்தது. அதன் விலாவில் கை வைத்தபோது உள்ளே குட்டி உதைத்தது. கையை எடுக்காமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் கிரேட்டாவின் மூச்சு நின்றுவிட்டது. உள்ளே குட்டி இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

காலையில் வானம் கழுவி விட்டதுபோல் நீலமாக இருந்தது. அலிஸ்டர் டிராக்டரில் வந்தார். அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. வேலியோரம் கிடந்ததைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். எட்டு செத்துக் கிடந்தன. மாபெலுக்கு மட்டும் உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது, கால் வரவில்லை.

"நீ உள்ள போ, நோலீன்," என்றார்.

"நான் இருக்கேன்."

"போன்னு சொல்றேன்ல."

அவள் சமையலறையில் நின்றபோது துப்பாக்கிச் சத்தம் ஒருமுறை கேட்டது. பிறகு குழி தோண்டுகிற சத்தம். அலிஸ்டர் மண்ணை மூடிவிட்டு வாசலுக்கு வந்து, தேநீர் வேண்டாம் என்றார். போகிறதுக்கு முன்னால் கேட்டார்: "இவ்வளவு மொட்டையா எதுக்கு வெட்டினீங்க? எங்க ஆடுங்க மேல ஒரு விரக்கடை விட்டிருந்தோம். அப்படியும் நாப்பது போச்சு."

நோலீன் வாசலில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினாள்.

மறுநாள் ஃபோன் கம்பி சரியானதும் முதலில் அடித்தது பெரில். "எப்படிடீ ஆச்சு? உன் ஆட்டுக்கா இப்படி? நீ குழந்தை மாதிரி பாத்துக்குவியே."

நோலீன் சுவரில் சாய்ந்தாள். "ரொம்ப ஒட்ட வெட்டிட்டான், பெரில்," என்று வாயிலிருந்து வந்தது. "தோலோட வெட்டிட்டான்."

"யாரு, ஹொஹெபாவா? செப்டம்பர்லயா? அவனுக்கு மூளை இருக்கா? குளிர்காலச் சீப்பு வச்சிருக்கலையா அவன்?"

இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அழுதாள். அழுகை நிஜம்தான். பெரிலுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் டெஸ் சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ சொன்னது கேட்டுச்சு."

"நான் என்ன பொய்யா சொன்னேன்? ஒட்ட வெட்டினது அவன் கைதானே?"

டெஸ் இருமினார். இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. "நான் அங்க நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன், நோலீன்," என்றார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ரேடியோ இருக்கிற அறைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்.

பெரில் கெட்டவள் இல்லை. சிநேகிதிக்காகக் கொதித்தாள், அவ்வளவுதான். மண்டபத்துக்கு வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஹொஹெபாவின் நாற்பது வீட்டுக்காரர்கள். தீவனக் கடையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். மாட்டு டாக்டர் வீட்டு வாசலில் இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. அவசரத்தில் வெட்டினானாம். குடித்திருந்தானாம். நோலீன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாளாம். கடைசியாகச் சொன்ன இது நோலீனின் காதுக்கே வந்தது. சொன்னவளை, "அப்படியெல்லாம் இல்ல" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அதை அவள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிழைத்த ஐந்தில் நான்கு பெட்டை, ஒன்று காயடித்த கிடா. செப்டம்பர் கடைசியில் நான்கும் குட்டி போட்டன. வேலை இருந்ததால் நாட்கள் ஓடின. ஒருநாள் அலிஸ்டர் வேலியோரம் வந்து நின்றார். பொம்மைக் கடையைப் பற்றி அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் ஒருமுறையும் கேட்கவில்லை.

"ஹொஹெபா ஆஸ்திரேலியா போறானாம், தெரியுமா? அடுத்த வியாழக்கிழமை. பெரிய கூட்டத்தோட சேர்ந்து வெட்டப் போறான்."

"அவன் முதுகுக்கு எப்படி..."

"இங்க கூப்பிட ஆளில்லையே. நாப்பது வீட்டுல ஆறு வீடுதான் மிச்சமாம்." அலிஸ்டர் கம்பியில் ஒட்டியிருந்த ஒரு ரோமத் துணுக்கைப் பிய்த்துப் பார்த்தார். "எனக்கு ஒரு சந்தேகம், நோலீன். நாப்பது வருஷமா ஆடு வச்சிருக்கேன். எந்தச் சீப்புன்னு சொல்றது எப்பவும் ஆட்டுக்காரன்தான். வெட்டறவன் சொல்லி நான் பாத்ததில்ல."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோலீன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சாயங்காலமே டெமுக்காவுக்கு வண்டியை எடுத்தாள்.

ஹொஹெபாவின் மனைவி நய்ரி கதவைத் திறந்தாள். பார்த்ததும் வழிவிடவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "அவங்க வந்திருக்காங்க," என்றாள். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. ஹொஹெபா தரையில் மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்திருந்தான். முதுகு வலிக்கும்போது அவன் அப்படித்தான் படுப்பான். எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்க, மிஸ்ஸஸ் கால்வின்."

நர்ஸம்மா என்று கூப்பிடாதது அவளை முதலில் அடித்தது. வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் போய்விட்டன. "நான்தான் அந்தச் சீப்பைப் போடச் சொன்னேன்," என்றாள்.

"அது எனக்குத் தெரியும். என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

நய்ரி சிரித்தாள். அதில் சந்தோஷம் இல்லை.

"நீ ஏன் யார்கிட்டயும் மறுத்துச் சொல்லல, ஹொஹெபா?"

"யாராவது கேட்டாத்தானே சொல்லலாம்? யாரும் கேக்கல. கூப்பிடறத நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான். இந்த வருஷம் வேற ஆளு கிடைச்சுட்டான், ஹொஹெபா. இந்த வருஷம் ஆட்டையெல்லாம் வித்துட்டோம், ஹொஹெபா. வித்த ஆடு வயல்ல மேயறத நான் வண்டியில போறப்பப் பாக்கறேன்." கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "என் அப்பாவும் ரோமம் வெட்டினவர்தான். குடிச்சுட்டு வெட்டினான்னு அவரை ஒருத்தன் சொன்னதில்ல."

"நான் குடிச்சேன்னு சொல்லவே இல்ல."

"தெரியும். நீங்க கதவைத் தொறந்து விட்டீங்க. மத்தவங்க உள்ள வந்தாங்க."

"நாளைக்குக் கூட்டம் இருக்கு. எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. எனக்காகச் சொல்றேன்னு மட்டும் சொல்லிக்காதீங்க. எனக்கு டிக்கெட் போட்டாச்சு."

மறுநாள் மண்டபத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பெரில் வரவுசெலவு அறிக்கை படிக்க எழுந்திருக்கும்போது நோலீன் தானும் எழுந்தாள். ராட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹொஹெபா குளிர்காலச் சீப்புதான் எடுத்தான். நான் மாத்தச் சொன்னேன். அவன் ரெண்டு தடவை வேணாம்னான். கண்காட்சிக்கு நீளம் வேணும்னு நான்தான் அடம்பிடிச்சேன். அன்னைக்கு டெஸ் இங்க ஃபோன் பண்ணிக் கூப்பிட்டாரு. நான் டீ குடிச்சுட்டு இருந்தேன். ஆட்டைக் கொன்னது நான்."

ராட்டைகள் நின்றன. மூலையில் ஒருத்தி மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. பக்கத்தில் இருந்தவள் குனிந்து அவள் காதில் சொன்னாள். அதற்குப் பிறகு அதுவும் நின்றது.

"அவன் குடிச்சிருந்தான்னாங்களே?" என்றது ஒரு குரல்.

"இல்ல."

பெரில் கையிலிருந்த தாளை மடித்தாள். முகம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. "நான் முப்பது வீட்டுக்கு ஃபோன் பண்ணினேன், நோலீன்," என்றாள். "உன் அழுகையக் கேட்டுட்டுப் பண்ணினேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே."

"மன்னிச்சுக்கோ."

"என்கிட்ட கேக்கறியா?" என்றாள் பெரில். அதோடு அறிக்கையைப் படிக்க ஆரம்பித்தாள். நோலீன் ராட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைப் பிடிக்க யாரும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் டெஸ்ஸிடம் சொன்னாள். அவர், "ம்," என்றார். அன்றைக்கு ராத்திரி சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

சிலர் ஹொஹெபா வீட்டுக்கு ஃபோன் செய்தார்கள். சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு செய்யவில்லை. செய்தவர்களுக்கு நய்ரி ஒரே பதில்தான் சொன்னாள்: "அவர் இங்க இல்ல." கிரேட்டாவின் ரோமத்தை நோலீன் கண்காட்சிக்கு அனுப்பவில்லை. யாருக்கும் விற்கவும் இல்லை. ஒருநாள் அதைக் கொண்டுபோய்க் குழி இருந்த இடத்தில் மண்ணைக் கிளறிப் புதைத்தாள்.

நவம்பர் கடைசியில் அலிஸ்டர்தான் சேதி கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவில் ஒரு கத்தரிப்புக் கொட்டகையில், பெரிய கிடா ஒன்று திமிறியதில் ஹொஹெபா அப்படியே மடங்கி விழுந்தானாம். முதுகுத்தண்டில் வட்டு நகர்ந்துவிட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. இனிமேல் குனிந்து வேலை செய்யக் கூடாதாம்.

நோலீன் இரண்டு நாள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் அது தானாக அடித்தது.

"நய்ரி பேசறேன். உங்க வண்டியில பின்பக்கம் சீட்டை மடக்கினா ஒரு ஆள் படுக்கலாம்ல?"

"படுக்கலாம்."

"சனிக்கிழமை கிறைஸ்ட்சர்ச்சுக்கு விமானத்துல வர்றாரு. உக்காந்து வர முடியாது. என் தம்பி வண்டி ரிப்பேரு. நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "வேற வழியிருந்தா உங்களைக் கேட்டிருக்க மாட்டேன். அதையும் சொல்லிடறேன்."

"எத்தன மணிக்கு?" என்றாள் நோலீன்.

டெஸ் உடம்பு முடியாமலும் கூட நின்று வண்டியில் மெத்தை விரித்துக் கொடுத்தார். போகும்போது இரண்டு மணி நேரம் நய்ரி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். விமான நிலையத்தில் அவனைச் சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதியாக இளைத்திருந்தான். நோலீனைப் பார்த்ததும் நய்ரியை ஒரு பார்வை பார்த்தான். "வேற வண்டி கிடைக்கல," என்றாள் நய்ரி. அவன் தலையாட்டினான். இரண்டு பேருமாக அவனை மெத்தையில் கிடத்தினார்கள். கிடத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டான். நோலீன் தான் பல் பிடுங்கிய அந்தத் தாடையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஷ்பர்ட்டன் ஊர் தாண்டும்வரை நய்ரி மறுபடி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மேடு பள்ளம் வருகிற இடமெல்லாம் நோலீன் மெதுவாக ஓட்டினாள். சாலையின் இரண்டு பக்கமும் வயல்களில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. படுத்திருந்தவனுக்கு அவை தெரியாது. சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

"மிச்சம் இருந்ததுங்க குட்டி போட்டுச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

நோலீனுக்கு முதலில் தன்னைத்தான் கேட்கிறான் என்று தோன்றவில்லை. நய்ரி அவள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போட்டுச்சு. ஏழு."

"ஏழும் இருக்கா?"

"ஆறு. ஒண்ணு பிறந்தப்பவே மூச்சு இல்ல."

"ம்," என்றான்.

டெமுக்கா வந்து சேர்ந்தார்கள். வீட்டு வாசலில் அவனை இறக்கி, நய்ரியும் அவள் தம்பியுமாகத் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். நய்ரி திரும்பி வந்து மெத்தையைச் சுருட்டி வண்டிக்குள் வைத்தாள். பின்கதவைச் சாத்தினாள். நன்றி என்றோ வராதே என்றோ சொல்லவில்லை. நோலீன் அவள் வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்துவிட்டு, வண்டியைத் திருப்பி மலைப்பக்கம் ஓட்டினாள்.